டெக் வாடகைக் கடைக்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: பழைய படங்களும் பழைய எபிசோடுகளும்

உங்கள் பேச்சை நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?

கட்டாயம் எதுவும் இல்லை. 1989 முதல் 2004 வரை கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டெக்கும் (வீடியோ கேசட்டைப் போட்டு டிவியில் படம் பார்க்கிற பெட்டி) கேசட்டும் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். இப்போது அதே கடையில் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், லேமினேஷன். கேசட் காலம் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், "அண்ணே, ராத்திரி பாக்கதுக்கு நல்லதா ஒரு படம் சொல்லுங்க" என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆதார் அட்டையை நகல் எடுக்க வருகிறவர்கள்கூட மிஷின் சூடாகிற நேரத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரே பதிலைப் பலரிடம் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் சினிமா படித்தவன் இல்லை. பதினைந்து வருடம் கேசட் கொடுத்து வாங்கியவன், அவ்வளவுதான்.

பேச்சுக்குப் பேச்சு "கோடு விழுந்த இடம்" என்கிறீர்களே, அது என்ன?

டெக்குக்குள் ஒரு உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். படத்தைப் படிக்கிற ஹெட் அதில்தான் இருக்கிறது. நம் நாட்டு டெக்கில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று. படம் ஓடும்போது டேப் நகர்ந்துகொண்டிருப்பதால் தேய்மானம் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும். பாஸ் பட்டனை அமுக்கினால் டேப் நின்றுவிடும், உருளை நிற்காது. ஒரே இடத்தைப் போட்டுச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் டேப்பின் பூச்சு உதிர்ந்து, அடுத்த முறை ஓட்டும்போது திரையில் வெள்ளைக் கோடும் புள்ளியும் வரும். திரும்பத் திரும்ப ரீவைண்ட் செய்து பார்க்கிற இடத்துக்கும் இதே கதிதான்.

ஒரு கேசட் நூறு வீடு போய் வந்த பிறகு அதை ஓட்டிப் பார்த்தால், எந்தக் காட்சியை ஊர் திரும்பத் திரும்பப் பார்த்தது என்று கோடே சொல்லிவிடும். வாடிக்கையாளர் வாயால் சொல்வது வேறு. "நல்ல குடும்பப் படம்" என்று சொல்லித் திருப்பித் தருவார். கோடு கிடப்பதோ சண்டைக் காட்சியில். நான் நம்பியது கோட்டைத்தான்.

பிள்ளைகளுக்குப் பழைய படம் காட்ட ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

"காதலிக்க நேரமில்லை." 1964, ஸ்ரீதர் இயக்கியது. கலர் படம், அதனால் "கறுப்பு வெள்ளையா?" என்ற முதல் சிணுங்கலே இருக்காது. முழுப் படத்தையும் உட்கார்ந்து பார் என்று சொல்லாதீர்கள். படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், அப்பா டி.எஸ்.பாலையாவிடம் பேய்க்கதை சொல்கிற இடத்தை மட்டும் முதலில் போடுங்கள். என் கடையில் இருந்த இரண்டு பிரதியிலும் சரியாக அந்த இடத்தில் கோடு.

முதல் தடவை எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். வாயாலேயே காற்று, கதவு, காலடி எல்லாம் போடுகிறார். இரண்டாவது தடவை பாலையாவைப் பாருங்கள். கேலி செய்யத் தயாராக உட்கார்ந்த மனிதர், கொஞ்சம் கொஞ்சமாக மகன் கையில் மாட்டிக்கொள்வார். கடைசியில் அவர் முகத்தில் இருப்பது நடிப்பு என்பதே மறந்துபோகும். கதை சொல்கிறவனைவிடக் கேட்கிறவனுக்குத்தான் அங்கே வேலை அதிகம். என் அண்ணன் பேரன் ஆறாம் வகுப்பு. போன வருடம் இதைக் காட்டினேன். மூன்று முறை பார்த்துவிட்டு "பாட்டா, மீதிப் படம் எங்க?" என்று அவனே கேட்டான். அதுதான் சரியான வழி.

பழைய படத்தில் ஒன்றே ஒன்று என்றால்?

"அந்த நாள்." 1954, ஏவி.எம். தயாரிப்பு, இயக்கியவர் வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர். பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு படத்தில் பாட்டு இருபதைத் தாண்டினால்கூட யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அப்போது இப்படி எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். "பராசக்தி" வந்து இரண்டு வருடம்கூட ஆகாத சிவாஜியை முதல் காட்சியிலேயே சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. யார் சுட்டது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, செத்தவன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான்.

கடையில் இதற்கு ஒரே பிரதிதான். மாதத்தில் ஒருமுறை வெளியே போனால் அதிகம். ஆனால் அந்த டேப்பில் கோடே இல்லை. எடுத்துப் போனவர்கள் நிறுத்தவும் இல்லை, ரீவைண்ட் செய்யவும் இல்லை, ஒரே மூச்சில் பார்த்திருக்கிறார்கள். வேறு எந்தப் படத்துக்கும் இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

தருமி காட்சியா, "திருவிளையாடல்" முழுப் படமா?

தருமி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஏ.பி.நாகராஜன் 1965-இல் எடுத்த அந்தப் படத்தில் சிவனே வந்து நிற்கிறார், அப்படியும் ஊர் ரீவைண்ட் செய்தது பஞ்சத்தில் அடிபட்ட புலவனைத்தான். ஆயிரம் பொன் கிடைக்கவில்லையே என்று மண்டபத்தில் தனியாகப் புலம்புகிற நாகேஷை, கையில் காசில்லாமல் ஒரு மாதக் கடைசியில் பாருங்கள். அப்போதுதான் அது வெறும் சிரிப்புக் காட்சி இல்லை என்று தெரியும். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவருமாக உட்கார்ந்து பேசுவதில் தமிழ் சினிமாவில் அதற்கு மேல் ஒன்று வரவில்லை. இந்தப் பக்கம் உட்பட.

நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கே. (என்.எஸ்.கிருஷ்ணன்) நம் ஊர்க்காரர் என்பதால்தானே தூக்கிப் பேசுகிறீர்கள்?

பாதி உண்மை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29-இல் பிறந்தவரை நாங்கள் தூக்கிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

மீதிப் பாதிக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் அம்மன் கோயில் கொடை (திருவிழா) என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் முடியாது. வில்லை நிறுத்தி, குடம் தட்டி, பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் கதையை நகர்த்துவார். என்.எஸ்.கிருஷ்ணனின் நகைச்சுவையில் இந்த "ஆமா"வின் தாளம் இருக்கிறது. மனைவியும் ஜோடி நடிகையுமான டி.ஏ.மதுரத்தோடு அவர் பேசுகிற எந்தக் காட்சியையும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒருவர் எடுக்க, மற்றவர் கொடுக்க, நடுவில் இடைவெளியே விழாது. வில்லுப்பாட்டையும் அவர் விடவில்லை. நகரத்து மேடைகளுக்கு அதைக் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1936-இல் "சதிலீலாவதி"யில் தொடங்கியவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய் 1947-இல் விடுதலையாகி வந்தார். திரும்பி வந்த மனிதரின் சிரிப்பில் கசப்பு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் அதற்குப் பிறகு செய்ததுதான் "நல்லதம்பி"யின் கிந்தனார் காலட்சேபம். நந்தனார் கதையின் சாயலில், படிக்கப் போகிற கிந்தனின் கதை. 1949-இல் வந்த படம், வசனம் அண்ணாதுரை. குறையும் சொல்லிவிடுகிறேன்: படம் சில இடங்களில் பிரசங்கமாகிவிடும். மதுவிலக்கு பேசுகிற பகுதியில் என் டேப்பில் ஒரு கோடும் இல்லை, ஆனால் நிறைய பேர் ஓட்டிவிட்டுத் தாண்டியது எனக்குத் தெரியும். கிந்தனார் பகுதியில் கோடோ கோடு.

முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் "ராஜா ராணி"யில் வருகிற சிரிப்புப் பாட்டில் தொடங்கலாம். 1956. விதவிதமான சிரிப்பை அவரே சிரித்துக் காட்டுவார். அடுத்த வருடம் ஆகஸ்டில் இறந்துபோனார், வயது 48. அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

தமிழ்ப்படம் கேட்டால் பேச்சை மலையாளத்துக்குத் திருப்புகிறீர்களே, ஏன்?

மொட்டைமாடி டிவி ஆன்டெனா, எங்கள் பேச்சில் ஏரியல், அப்படித்தான் திரும்பியிருந்தது, நான் என்ன செய்ய?

விளங்கச் சொல்கிறேன். சென்னைத் தூர்தர்ஷன் 1975-இலேயே வந்துவிட்டது. ஆனால் சென்னை எங்களுக்கு 700 கிலோமீட்டருக்கு அப்பால். திருவனந்தபுரம் பஸ் ஏறினால் வந்துவிடும். 1985-இல் அங்கே மலையாள ஒளிபரப்பு தொடங்கியதும் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏரியலை வடமேற்கே திருப்பினோம். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் நான்கும் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஏரியலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று என் அப்பா சொல்வார். கன்னியாகுமரிப் பக்கம் இருந்த சித்தப்பா வீட்டில் வேறு கதை. அவர்கள் ஏரியல் கடலைப் பார்த்து நிற்கும். வானம் தெளிவாக இருந்தால் இலங்கையின் ரூபவாஹினி டிவி கிடைக்கும், அதில் சில நாள் தமிழ்ப்படமும் போடுவார்கள்.

மொட்டைமாடியில் ஒருவன் கம்பத்தைப் பிடித்துத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று செய்தியைக் கடத்த, உள்ளே மைனி டிவி முன்னால் நின்று "வந்தாச்சு... வந்தாச்சு... போச்சு லேய்!" என்று கத்த, மூன்று பேர் சேர்ந்தால்தான் ஒரு படம் தெரியும். காற்றடித்தால் மறுபடி முதலிலிருந்து. மற்ற மாவட்டத்து நண்பர்கள் வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" என்று கண் பனிக்கப் பேசும்போது நான் சும்மா இருப்பேன். எங்கள் வெள்ளிக்கிழமைப் பாட்டு "சித்ரகீதம்". யேசுதாஸைத் தமிழில் கேட்பதற்கு முன்பே மலையாளத்தில் கேட்டு வளர்ந்த கூட்டம் நாங்கள். ஆகவே என் ரசனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மணிச்சித்திரத்தாழ்" பெரிதா, "சந்திரமுகி" பெரிதா?

மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வருகிறது. இதனால் கடையில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திய கதையும் உண்டு.

பாசில் இயக்கிய மலையாளப் படம் 1993 கிறிஸ்துமஸுக்கு வந்தது. பி.வாசு முதலில் கன்னடத்தில் "ஆப்தமித்ரா" என்று எடுத்து, பிறகு 2005-இல் தமிழில் ரஜினியை வைத்து "சந்திரமுகி" எடுத்தார். மலையாளப் படத்தின் ஒரு பகுதியை எங்கள் பத்மநாபபுரம் கொட்டாரத்தில்தான் (அரண்மனையில்தான்) எடுத்தார்கள். கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். அதனால் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை.

வித்தியாசம் எங்கே என்றால், மலையாளத்தில் பயம் வீட்டுக்குள் இருக்கிறது. மரப்படி, குறுகலான நடை, வெயில் புகாத அறை. அந்தக் கொட்டாரத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்கள், உச்சி வெயிலிலும் உள்ளே அரையிருட்டாக இருக்கும். குதிரவட்டம் பப்பு தரையில் இல்லாத தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடப்பாரே, அந்தச் சிரிப்பைக்கூட வீடுதான் உண்டாக்குகிறது. ஷோபனா கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிற காட்சிவரை படம் குரலை உயர்த்துவதே இல்லை. அந்த நடிப்புக்கு அவருக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். "சந்திரமுகி" திருவிழா. அதில் பயம் வருவதற்கு முன்பே வடிவேலு வந்துவிடுகிறார். அதில் தப்பில்லை, திருவிழாவுக்குப் போகிறவன் அமைதியைத் தேடுவதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு விஷயம். மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, ஆவி வந்ததும் தமிழ் பேசுவாள். கேரளத்துக்காரர்களுக்கு அதுதான் பயம், பழகிய பெண் வாயில் திடீரென்று அந்நிய மொழி. எங்கள் வீட்டிலோ மலையாளம் அரைகுறையாகத் தெரிந்த மாமி அதுவரை "என்ன சொல்லுதா? என்ன சொல்லுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேய் வந்த பிறகுதான் அவருக்கு வசனம் முழுசாகப் புரிந்தது. நிம்மதியாகப் பார்த்தார்.

பத்மநாபபுரத்தில் எடுத்த தமிழ்ப்படம் எது?

"வருஷம் 16", 1989. அதுவும் பாசில்தான். தன்னுடைய மலையாளப் படத்தைத் தானே தமிழில் எடுத்தார். கார்த்திக், குஷ்பு. கூட்டுக்குடும்பத்தின் பெரிய வீடாகக் கொட்டாரத்தைக் காட்டியிருப்பார். ராஜா இருந்த இடத்தில் ஒரு தாத்தா, பேரன் பேத்திகள், சமையல் சத்தம். அந்தக் கட்டடம் அவ்வளவு கலகலப்பாக இருந்தது அந்தப் படத்தில்தான். முதல் பாதியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள் என்பது என் வீட்டுக்காரியின் ஆலோசனை. முடிவை அவள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

கொட்டாரம் பார்க்க வருகிறவர்களுக்கு: திங்கள்கிழமை விடுமுறை. இடம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரள அரசு. ஏரியல் மாதிரியே.

நம் மாவட்டத்துக் கடலோர ஊரான முட்டத்தில் எடுத்த படங்கள்?

பாரதிராஜாவின் "அலைகள் ஓய்வதில்லை" (1981), "கடலோரக் கவிதைகள்" (1986). முதல் படம் எங்கள் வயதுக்காரர்களுக்குப் புனித நூல் மாதிரி, அதைப் பற்றி நான் நியாயமாகப் பேச முடியாது. இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறேன். வில்லனாகவே பார்த்துப் பழகிய சத்யராஜை டீச்சர் முன்னால் சிறுபிள்ளையாக உட்காரவைத்தது பெரிய விஷயம். இளையராஜா இசையோடு அந்தப் பாறைகளைப் பார்த்தவர்கள், நேரில் வந்து "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். மாலை ஐந்தரைக்குப் பிறகு வாருங்கள், அப்புறம் கேட்க மாட்டீர்கள்.

ஒரு மனக்குறை உண்டு. கடலும் கோயிலும் பாறையும் முட்டத்துடையது, சின்னப்பதாஸின் பேச்சு முட்டத்துப் பேச்சு இல்லை. எங்கள் கடலோரத் தமிழ் வேகமானது, வெளியூர்க்காரனுக்குப் பாதி புரியாது. அதை அப்படியே வைத்திருந்தால் படம் ஓடியிருக்காது என்பதும் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தையாவது வராதா என்று ஒவ்வொரு முறையும் காது கொடுத்துப் பார்க்கிறேன்.

"ராமாயணம்" பார்ப்பதா, "மகாபாரதம்" பார்ப்பதா?

"மகாபாரதம்." ராமானந்த் சாகரின் "ராமாயணம்" 1987 ஜனவரியில் தொடங்கி 78 எபிசோடு ஓடியது. ஞாயிறு காலை ஒன்பதரை. எங்கள் தெருவில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். ஆராதனை முடிந்து பைபிளோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ராமரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். யாருக்கும் இந்தி தெரியாது. தெரியவும் வேண்டாம், கதை தெரியுமே. பாட்டா கம்பராமாயணத்திலிருந்து ஒரு பாட்டு எடுத்துவிடுவார், அது முடிவதற்குள் திரையில் இரண்டு அம்புகள் மெதுவாகப் பறந்து வந்து மோதிக்கொள்ளும். நேரம் சரியாக இருக்கும்.

இப்போது பார்க்கும்போது அந்த மெதுவே பாரமாக இருக்கிறது. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது மூன்று எபிசோடுக்கு மேல் முடியவில்லை. பி.ஆர்.சோப்ராவின் "மகாபாரதம்" (94 எபிசோடு, 1988 முதல் 1990 வரை) இன்றும் பிடித்து இழுக்கிறது. அதில் நல்லவன் யாரும் சும்மா நல்லவனாக இல்லை. சூதாட்ட எபிசோடில் பகடையைப் பார்க்காதீர்கள், சகுனியாக வந்த கூஃபி பெயின்டல் பகடையை உருட்டுவதற்கு முன் ஒரு நொடி நிறுத்துவாரே, அந்த நொடியைப் பாருங்கள்.

"விடாது கருப்பு" முடிவைச் சொல்ல முடியுமா?

முடியாது.

அது தெரியாமல் வளர்ந்த தலைமுறைக்கு மட்டும் கொஞ்சம்: இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, சன் டிவியில் வந்த "மர்மதேசம்" வரிசையில் ஒன்று. முதலில் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய "ரகசியம்", அப்புறம் குதிரையில் வருகிற கருப்புசாமியின் "விடாது கருப்பு". வாரத்துக்கு ஒன்றுதான். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் "தொடரும்" போட்டுவிடுவார்கள். ஏழு நாள் ஊரே துப்பறியும். என் கடையில் பந்தயம் கட்டினார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் மூன்றாவது வாரமே சரியான ஆளைச் சொன்னான், யாரும் நம்பவில்லை. கடைசி எபிசோடுக்குப் பிறகு ஒரு மாதம் அவனை யாராலும் பேசி ஜெயிக்க முடியவில்லை.

"தொடரும்" டிவிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். கொடையில் வில்லுப்பாட்டுக்காரர், கதையில் கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் வில்லை வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். பூசைக்கு நேரமாகிவிட்டது என்பார். நடுராத்திரி, தூக்கம் கண்ணைச் சுழற்றும், ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

ஆகவே, இப்போது இணையத்தில் கிடைக்கிறதே என்று "விடாது கருப்பை" ஒரே ராத்திரியில் விழுங்காதீர்கள். நாளுக்கு ஒரு எபிசோடு, யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். நடுவில் சந்தேகப்பட ஆள் இல்லாவிட்டால் அந்தத் தொடரில் பாதிதான் கிடைக்கும்.

"மால்குடி டேஸ்"?

கண்ணை மூடிக்கொண்டு பார்க்கலாம், அப்படியும் அந்த ஆரம்ப இசை போதும். ஆர்.கே.நாராயண் கதைகளை சங்கர் நாக் கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தார், இசை எல்.வைத்தியநாதன். சுவாமியின் எபிசோடுகளில், அவன் அப்பாவுக்குப் பயந்து நிற்கிற இடமெல்லாம் எனக்குத் தனியாகப் பிடிக்கும். அடி விழாது, திட்டுகூடப் பெரிதாக விழாது. அந்தப் பையன் முகமே அடி வாங்கியது போல இருக்கும்.

மெகா சீரியலை ஏன் மட்டம் தட்டுகிறீர்கள்?

நான் தட்டுவதில்லை. "மெட்டி ஒலி" (2002 முதல் 2005 வரை) ஓடிய காலத்தில் எட்டரை மணிக்குமேல் கேசட் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று நானே கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பார்த்தவன். என் தொழிலைக் கெடுத்த தொடரை நானே ரசித்தேன், இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார், ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த உட்காருவதிலேயே கடன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சமீபத்தில் "எதிர்நீச்சல்". ஆதி குணசேகரனாக மாரிமுத்து பேசியதை எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைகள்கூடப் பேசிக் காட்டினார்கள். 2023 செப்டம்பரில் அவர் போன பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், நல்ல எழுத்தாளர். ஆனாலும் வீட்டு மாமா இறந்து வேறொருவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. தினமும் பார்க்கிற முகத்துக்கு நாம் கொடுக்கிற இடம் சினிமாவில் கிடையாது. மெகா சீரியலின் பலமே அதுதான். பலவீனம் உங்களுக்கே தெரியும், ஒரு தட்டு கீழே விழுவதை ஏழு கோணத்தில் காட்டுவார்கள்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாமா?

மெகா சீரியலுக்கு ஓட்டலாம். பாலையா முகத்துக்குக் கூடாது.

பழைய படத்தைத் துடைத்து, புதுசாக்கித் தியேட்டரில் விடுகிறார்களே?

வரவேற்கிறேன். "கர்ணன்" 1964 படம். 2012-இல் டிஜிட்டலில் வந்து நூறு நாள் தாண்டி ஓடியது. என் கேசட்டில் கடைசிப் பாட்டுக் காட்சி முழுக்கக் கோடு, என்.டி.ராமராவ் முகமே தெரியாது, அழுகிற சத்தம் மட்டும் கேட்கும். தியேட்டரில் பார்த்தபோதுதான் கிருஷ்ணன் அந்த இடத்தில் எப்படிப் பார்க்கிறார் என்று முதன்முதலாகத் தெரிந்தது. கறுப்பு வெள்ளைக்குக் கலர் பூசுவது மட்டும் எனக்குச் சரிப்படாது. மரச்சீனிக்கிழங்கில் சாக்லேட் ஊற்றுவது மாதிரி.

பழைய கேசட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?

இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவம்) ஒரு மழை, ஐப்பசிக்கு ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைகிற ஊர் இது. டேப்புக்குப் பூசணம் பிடிப்பது தேங்காய்க்குப் பிடிப்பதைவிடச் சுலபம். ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினது போல வரும். அப்படியே ஓட்டினால் ஹெட்டும் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அலமாரியின் அடித்தட்டில் ராத்திரி பகல் ஒரு 40 வாட் பல்பு எரியவிட்டுத்தான் காப்பாற்றினேன். கடை மாறியதும் பல்பு அணைந்தது. மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. எடைக்குப் போட்டேன்.

ஒன்று மட்டும் திரும்பி வந்தது. போன மாதம் ஒரு பெண் ஜெராக்ஸ் எடுக்க வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தார். அம்மாவின் பீரோவைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். என் கடை ஸ்டிக்கர், என் கையெழுத்து, "காதலிக்க நேரமில்லை, பிரதி 2". வாடகை நாளுக்குப் பத்து ரூபாய் என்று ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கிறது. "எவ்வளவு ஆச்சு அண்ணே?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

பூசணம் இல்லை. பாலிதீன் கவரில் போட்டு, பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருந்திருக்கிறார்கள். ரீவைண்ட் செய்யாமல்தான் கொடுத்திருக்கிறார்கள். வலது சக்கரத்தில் முக்கால்வாசி டேப் ஏறியிருக்கிறது. எந்தக் காட்சியில் நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். ஓடுகிற டெக் யாரிடமாவது இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு ஜெராக்ஸ் இலவசம்.